கெலரில் இருந்த பள்ளிக்கூடம்

எங்கள் பகுதியில் மூடப்பட்ட பள்ளிக்கூடங்களின் வரலாற்றை யாராவது எழுதப்போகிறார்கள் என்றால், முதலில் என்னிடம் வந்து கேட்கவேண்டும். தலைமை ஆசிரியர்கள் பூச்செண்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நகரசபைப் பெரியவர்கள் மேடையில் நான்கு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாக நிலத்தைத் துடைத்து, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, திறப்பைக் கொண்டுபோய் நகரசபைக் கந்தோரில் கொடுத்தது நான்தான். ரஞ்சினி தம்பித்துரை, நகரசபையின் துப்புரவுப் பணியாளர், பதினேழு வருடச் சேவை. பெருமைக்குச் சொல்லவில்லை. யாராவது சொல்லத்தானே வேண்டும்.

இது ஜேர்மனியில் ரூர் பக்கத்து நகரம். நிலக்கரிச் சுரங்கம் இருந்தவரைக்கும் வீட்டுக்கு வீடு பிள்ளைகள். சுரங்கத்தை மூடினார்கள், இளசுகள் வேலை தேடித் தெற்கே போனார்கள், மிஞ்சியவர்கள் நாய் வளர்க்கத் தொடங்கினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த 1991இல் எங்கள் பகுதியில் மூன்று பெரிய பள்ளிக்கூடங்கள் இருந்தன. அவற்றின் ஜேர்மன் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு முழம் நீளம். தமிழாட்கள் நாங்கள் எங்கள் வசதிக்குப் பெயர் வைத்துக்கொண்டோம்: மணிக்கூட்டுப் பள்ளிக்கூடம், சிவப்புப் பள்ளிக்கூடம், கண்ணாடிப் பள்ளிக்கூடம். மணிக்கூடு என்றைக்குமே சரியான நேரம் காட்டியதில்லை, அது 2003இல் போனது. செங்கல்லில் கட்டிய சிவப்பு, 2005இல் போனது. கண்ணாடிக்கும் நாள் குறித்துவிட்டார்கள்.

ஒரு பள்ளிக்கூடம் சாகப்போகிறது என்பது செய்தித்தாளுக்குத் தெரியமுன்பே துடைக்கிறவளுக்குத் தெரிந்துவிடும். கழிவறையில் சவர்க்காரம் முந்தி மூன்று நாளில் முடியும், பிறகு ஒரு கிழமை நிற்கும். மேசைக்கு மேல் கவிழ்த்து வைக்கும் கதிரைகள் முப்பது இருபதாகும், இருபது பதினான்காகும். பிறகு ஒருநாள் மேற்பார்வையாளர் வந்து, இனி மேல்மாடிக்குப் போகத் தேவையில்லை ரஞ்சினி என்பார். உனக்கு வேலை குறைந்ததுதானே என்று என் மனுசன் சொன்னார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிள்ளைகள் சத்தம் போட்ட மாடியைப் பூட்டுவது வேலை குறைவதா.

சிவப்புப் பள்ளிக்கூடத்தை வெறுமையாக்கியது ஜூலை மாதம். வெளியில் இருந்து ஆட்களைப் பிடித்திருந்தார்கள். முற்றத்தில் இரண்டு பெரிய கொன்ரெய்னர்கள், மரத்துக்கு ஒன்று, கடதாசிக்கு ஒன்று. பள்ளிக்கூடச் செயலாளர் எது ஆவணக் காப்பகத்துக்கு, எது குப்பைக்கு என்று சீட்டு எழுதிப் பெட்டிகளில் ஒட்டி வைத்துவிட்டு ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அந்த வெக்கையில் பசை நிற்குமா. நான் கூட்டிய நடைபாதையில் பத்துப் பதினைந்து சீட்டுகள் விழுந்து கிடந்தன. என்னவென்று பாராமல் அள்ளிக் குப்பையில் போட்டேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிற்பகல் வாளித் தண்ணீரை ஊற்ற முற்றத்துக்குப் போனால், கடதாசிக் கொன்ரெய்னருக்குள் ஒரு வாட்டசாட்டமான ஆள் ஏறி நின்று சப்பாத்துக் காலால் மிதிமிதியென்று மிதிக்கிறார். இடம் காணாதாம், அமுக்குகிறாராம். அவருடைய காலுக்குக் கீழே தடித்த கோப்புகள். ஒன்று விரிந்து கிடந்தது. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பாடங்கள், புள்ளிகள், கீழே தலைமை ஆசிரியரின் கையெழுத்து, வட்ட முத்திரை. முத்திரைக்கு மேல் சப்பாத்தின் தடம்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். தெரியாமல் பட்டாலே அப்படி. இந்த மனுசன் தெரிந்துகொண்டு, கூலி வாங்கிக்கொண்டு மிதிக்கிறார். இறங்கும் கீழே என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் ஆள் உடனே இறங்கிவிட்டார். இதெல்லாம் எங்கே போகிறது என்று பிறகு ஜேர்மனில் கேட்டேன். அரைத்துக் கூழாக்கத்தான், வேண்டுமென்றால் நீ எடுத்துக்கொள் என்று தோளைக் குலுக்கினார்.

எடுத்தேன். பதினொரு கோப்புகள். மொப்பும் வாளியும் வைத்துத் தள்ளுகிற வண்டிலில் ஏற்றி, மேலே துணி போட்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டுக்கு நான்கு நடை. எங்கள் மாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்துக்குக் கீழே கெலர் என்று ஒரு சின்ன அறை உண்டு. அரிசி மூட்டைக்கும் பனிக்கால ரயர்களுக்கும் நடுவில் ஒரு தட்டைத் துடைத்து, கோப்புகளை அடுக்கி, பழைய சேலையால் மூடினேன்.

என் மனுசன் தம்பித்துரை பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். கடதாசி என்றாலே அவருக்கு நடுக்கம். அகதி அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்துவிட்டுப் பதினொரு வருடம் பதிலுக்குக் காத்திருந்த மனுசனுக்கு நடுக்கம் வராமல் என்ன செய்யும். கோப்புகளைக் கண்டவுடன் முகம் வெளுத்துவிட்டது. ஊராரின் பெயர், விலாசம், புள்ளி எல்லாம் இதற்குள் கிடக்கிறது, பொலிஸ் வந்து கேட்டால் என்ன சொல்வீர் என்று கேட்டார். நீங்கள் என்றால் மிதிப்பீர்களோ என்று நான் கேட்டேன். அவர் ரயரைத் தள்ளி இடம் விட்டுக் கொடுத்தார்.

திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இருந்தது. முதல் கிழமை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. இரண்டாம் கிழமை, ஏன் எடுத்தாய் என்று கேட்பார்களே என்ற பயம். ஒரு வருடம் போன பிறகு வாய் திறக்க முடியாத விசயமாகிவிட்டது. ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் கீழே இறங்கிப் போய்த் தூசி தட்டி, கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டு வருவேன். ஜேர்மன் எழுத்து என்றால் சரஸ்வதிக்கு ஆகாதா என்ன.

அப்படியே மூன்று வருடம் ஓடியது. 2008 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை பேர்பெச்சுவா அழுதுகொண்டு வந்தாள்.

பேர்பெச்சுவா எங்களுக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கிறாள். மன்னார்க்காரி, முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. நான் கும்பிடுவது சரஸ்வதி, அவள் மடு மாதா. இருபது வருடமாக அதில் ஒருவரை ஒருவர் நக்கலடித்துக்கொண்டு ஒன்றாக இருக்கிறோம். அவளுடைய மனுசன் ஜேசுரட்ணத்துக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்தார்கள். அந்த மூன்று நாளும் கூடப் போனது மகள் பிறின்சி. சிவப்புப் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் படித்து முடித்த பிள்ளை. மேலே படிப்பதை விட்டுவிட்டு, காலையில் வெதுப்பகத்தில் வேலை, பிற்பகலில் தகப்பனோடு ஆஸ்பத்திரி. போன மாரியில் ஜேசுரட்ணத்துக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது, மனுசன் இப்போது சைக்கிள் ஓடுகிறார். பிறின்சிக்கு நேர்ஸ் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்ய ஆசை. ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் இருந்து பார்த்துப் பிடித்துப்போன வேலை. நூற்றிருபது பேர் விண்ணப்பித்து இருபது பேரை எடுத்தார்கள். அந்த இருபதில் இவள் ஒருத்தி. பள்ளிக்கூடச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கொடுக்கவேண்டும்.

சான்றிதழ் இருந்தது. பேர்பெச்சுவா அதை லமினேற் பண்ணி வைத்திருந்தாள்.

சிரிக்கவேண்டாம், எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். முக்கியமான கடதாசி என்றால் பிளாஸ்டிக்குக்குள் போட்டுச் சூடு பிடித்து ஒட்டி வைத்தால்தான் எங்களுக்கு நித்திரை வரும். கறையான், மழை, ஓட்டம் என்று எல்லாம் கண்ட சனம். என் மகன் மதீசன் ஆறு வயதில் வாங்கிய நீச்சல் சான்றிதழ்கூட எங்கள் வீட்டில் லமினேற்தான். ஆனால் இந்த நாட்டுக் கந்தோரில் அது செல்லாது. பிளாஸ்டிக்குக்குள் இருந்தால் கடதாசியைத் தொட்டுப் பார்க்க முடியாது, முத்திரை உண்மையானதா என்று சொல்ல முடியாது, உறுதிப்படுத்தித் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

பேர்பெச்சுவா வீட்டுக்கு வந்து யோசித்திருக்கிறாள். சூட்டில் ஒட்டியது சூட்டில் கழலும்தானே. மகள் வேலையால் வரமுன்னம் சரிபண்ணிவிடுவோம் என்று துணி தேய்க்கும் அயனை எடுத்திருக்கிறாள். கழலத்தான் கழன்றது. எழுத்தில் பாதி பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது, மற்றப் பாதி கடதாசியில் பழுப்பாகக் கருகிக் கிடந்தது. முத்திரை இருந்த இடத்தில் ஒரு நீலக் கறை.

மூடிய பள்ளிக்கூடங்களின் இரண்டாம் பிரதிகளை வைத்திருக்கும் கந்தோருக்குத் தாயும் மகளும் ஓடியிருக்கிறார்கள். சிவப்புப் பள்ளிக்கூடத்தின் பெட்டிகள் 1996 வரைக்கும்தான் வந்து சேர்ந்தன, அதற்குப் பிறகானவை வரவேயில்லை, இல்லாத ஒன்றை எப்படி உறுதிப்படுத்துவது என்று அங்கே சொன்னார்களாம்.

"என்ர பிள்ளையின்ர வாழ்க்கையை நான் என்ர கையால அயன் பண்ணிப்போட்டன் அக்கா," என்றாள் பேர்பெச்சுவா.

நான் அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி கூடிவிட்டது. வாயாடி என்று இந்தக் கட்டடம் முழுக்கப் பெயர் எடுத்த எனக்கு, சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன.

அவள் போனதும் கீழே இறங்கினேன். 2005, பத்தாம் வகுப்பு, பி பிரிவு. சேலையை விலக்கி, ஏழாவது கோப்பில் கண்டுபிடித்தேன். பிறின்சி ஜேசுரட்ணம். இங்கே ஒன்று என்றால் திறம், ஆறு என்றால் கதை முடிந்தது. பிறின்சிக்கு ஜேர்மனில் இரண்டு, கணக்கில் மூன்று, உயிரியலில் ஒன்று. கையெழுத்தும் முத்திரையும் நேற்றுப் போட்டதுபோல இருந்தன.

மனுசனிடம் சொன்னேன். அவர் ஒரு வழி சொன்னார். அந்த ஒரு தாளை மட்டும் கழற்றி, கடித உறையில் போட்டு, பெயர் எழுதாமல் கந்தோர்ப் பெட்டியில் போட்டுவிட்டால் என்ன. எனக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒற்றைத் தாளை நம்பி எவன் முத்திரை குத்துவான். கோப்போடு இருந்தால்தான் அது சான்று, கழற்றினால் வெறும் கடதாசி. அவருக்கும் அது தெரியும்.

"பதினேழு வருச வேலை, ரஞ்சி. உமக்கு ஐம்பத்தொரு வயசு. நகரசபையின்ர சாமான் களவெடுத்தவள் எண்டு வெளியில விட்டால், உம்மை ஆர் வேலைக்கு எடுப்பினம்? யோசிச்சுச் செய்யும்," என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் என்னைப் புதன்கிழமை முழுவதும் தின்றது. கண்ணாடிப் பள்ளிக்கூடத்தில் ஒரே நடைபாதையை இரண்டு தடவை துடைத்தேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி கடந்துவிட்டால் பிறகு சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை, சொல்லத் தேவையும் இல்லை என்று ஒரு கள்ள யோசனை வந்தது. வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

வேலை முடிந்து வெதுப்பகத்துக்குப் பாண் வாங்கப் போனேன். பிறின்சி ஏப்ரனோடு நின்றாள். கண் வீங்கியிருந்தது, ஆனாலும் என்னைக் கண்டதும் சிரித்தாள். பாணை வெட்டவா என்று கேட்டாள். வெட்டு என்றேன். வெட்டிப் பையில் போட்டுக்கொண்டே, "பரவாயில்லை அன்ரி, இங்கயே தொடர்ந்து நிக்கலாம் எண்டு முதலாளி சொல்லுறார். அம்மாவைப் பேசாதேங்கோ என்ன, அவ பாவம்," என்றாள்.

தன் வாழ்க்கை கையை விட்டுப் போகிறது, தாயை யாரும் பேசிவிடக்கூடாது என்று கவலைப்படுகிறாள். என் கெலரில் அவளுடைய உயிரியல் ஒன்று சேலைக்குக் கீழே கிடக்கிறது. என்னில் எனக்கே அருவருப்பு வந்தது. பாணை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நேரே மூன்றாம் மாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்த பேர்பெச்சுவாவிடம் வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். கொன்ரெய்னர், சப்பாத்துக் கால், பதினொரு கோப்பு, ஏழாவதில் பிறின்சி. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நேற்றே தெரியும். தெரிஞ்சுகொண்டு எனக்குத் தேத்தண்ணி தந்தனீங்கள்," என்றாள். அக்கா என்ற சொல் அதில் இல்லை.

"ஓம்," என்றேன்.

உள்ளே போனாள். மாதா படத்துக்கு முன் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். திரும்பி வந்து சப்பாத்தைப் போட்டாள். "கெலர்த் திறப்பைத் தாங்கோ அக்கா," என்று கையை நீட்டினாள். அந்த அக்காவைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வியாழக்கிழமை லீவு போட்டேன். நான், பேர்பெச்சுவா, பிறின்சி. சில்லு வைத்த சந்தைப் பைகள் இரண்டு, ஜேசுரட்ணத்தின் ஆஸ்பத்திரிச் சூட்கேஸ் ஒன்று. ட்ராமில் எங்களைப் பார்த்தவர்கள் யாரோ ஊருக்குப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். தம்பித்துரை தரிப்பிடம்வரை வந்து பைகளை ஏற்றிவிட்டார். ஏற்றிவிட்டு, அவர்கள் என்ன கேட்டாலும் மனுசனுக்கும் தெரியும் என்று சொல்லும் என்றார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுசன்தான்.

கந்தோரில் ஃப்ராவ் லிண்ட்னர் என்ற பெண் இருந்தார். முப்பது வயது இருக்கும், கண்ணாடி, இறுக்கிக் கட்டிய தலைமுடி. பிறின்சியைக் கண்டதும், ஏற்கெனவே சொன்னேனே, வருந்துகிறேன் என்று தொடங்கினார். நான் முதலாவது கோப்பைத் தூக்கி அவருடைய மேசையில் வைத்தேன். இரண்டாவதை வைத்தேன். ஐந்தாவது வைக்கும்போது அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டார். பதினொன்றும் வைத்து முடிந்த பிறகு ஒன்றைத் திறந்து பார்த்தார், மூடினார், கோப்பின் முதுகில் இருந்த புள்ளியைக் காட்டி இது பூஞ்சணமா என்று கேட்டார். சந்தனம், கெட்டுப்போகாமல் இருக்க என்றேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

இவை எப்படி உங்களிடம் வந்தன என்று கேட்டார். பிறின்சி எனக்காகப் பேச வாயெடுத்தாள், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். என் ஜேர்மன் துடைப்பத்தோடு பழகிய ஜேர்மன்தான், ஆனாலும் இதை நானே சொல்லவேண்டும். நான் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"ஒருத்தர் இதுக்கு மேல ஏறி நிண்டு மிதிச்சவர். நாங்கள் எழுத்தை மிதிக்கிறேல்லை. அதாலதான் எடுத்தனான். பெட்டியில ஒட்டின சீட்டுகள் கீழ விழுந்து கிடந்தது, அதையும் பாராமல் கூட்டி அள்ளினது நான்தான். திருப்பித் தரவேணும் எண்டு தெரியும், பயத்தில தரேல்லை. நான் படிச்ச பள்ளிக்கூடம் யாழ்ப்பாணத்தில எரிஞ்சு போச்சு. இங்க சிறுவர் பள்ளியில வேலை பழகப் போனபோது விடுகைப் பத்திரம் கேட்டவை. ஊருக்கு எழுதினன், கடிதம் திரும்பி வந்தது. அங்க ஒருத்தரும் ஒண்டையும் கெலரில எடுத்து வைக்கேல்லை. அதாலதான் நான் துடைக்கிறன். இந்தப் பிள்ளைக்கு அப்பிடி வரக்கூடாது. என்னை என்ன செய்யிறதெண்டாலும் பிறகு செய்யுங்கோ, முதல்ல இவளின்ர கடதாசியைக் குடுங்கோ."

என்னை அறியாமல் சத்தம் கூடிவிட்டது போல. பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. ஃப்ராவ் லிண்ட்னர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாருக்கோ தொலைபேசி எடுத்தார். எங்களை வெளியில் இருக்கச் சொன்னார். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் இருந்தோம். பேர்பெச்சுவா ஐம்பத்து மூன்று மணியிலும் செபமாலை சொல்லி முடித்து மறுபடி தொடங்கிவிட்டாள். மாதாவிடம் எனக்கும் சேர்த்து ஒரு சொல் சொல்லிவிடு என்றேன், எப்பவோ சொல்லியாயிற்று என்றாள்.

கூப்பிட்டார்கள். மேசையில் இப்போது வேறொரு கடதாசி இருந்தது. மூன்று வருடத்தில் சிவப்புப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் கேட்டு வந்து, இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பட்டியல். நாற்பத்தொரு பேர். ஃப்ராவ் லிண்ட்னர் அவர்களில் ஆறு பேரை ஏற்கெனவே கோப்புகளில் கண்டுபிடித்துப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அவருடைய முகத்தில் இருந்தது சந்தோசமா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் பிறின்சியின் பக்கத்தைப் பிரதி எடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையை அழுத்திக் குத்தினார்.

மை காயுமட்டும் யாரும் தொடவேண்டாம் என்றார். பேர்பெச்சுவா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இதை எப்படிப் பாதுகாக்கக்கூடாது என்று உங்களுக்குத் தெரியும்தானே என்று ஃப்ராவ் லிண்ட்னர் அவளைக் கேட்டார். அவர் நக்கலடித்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி அந்தப் பிரதியை வாங்கிக்கொண்டது. பிறின்சி படியில் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள், வெதுப்பக மா மணத்தோடு. ஒக்டோபர் முதலாம் திகதி வகுப்பு.

இனி என் கதை. ஃப்ராவ் லிண்ட்னர் அறிக்கை எழுதியே ஆகவேண்டும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தார். செப்ரெம்பர் நடுவில் துறைத் தலைவரைச் சந்திக்க டெர்மின் வந்தது. நான் கண்ணாடிப் பள்ளிக்கூடத்தின் திறப்புக் கோர்வையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். கேட்டால் உடனே கொடுத்துவிடவேண்டும், கெஞ்சிக்கொண்டு நிற்கக்கூடாது என்று ட்ராமில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

துறைத் தலைவர் நரைத்த தாடிக்காரர். நல்ல மாதிரித்தான் கதைத்தார். நான் செய்தது விதிமீறல், அதை விட்டுவிட முடியாது, எழுத்தில் எச்சரிக்கை ஒன்று தரவேண்டியிருக்கிறது என்றார். வேலை போகாது. இரண்டு வருடத்தில் அந்தக் கடிதத்தை என் கோப்பில் இருந்து எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு குரலை மாற்றிக்கொண்டு, கண்ணாடிப் பள்ளிக்கூடம் மூடும்போது வெளியாட்கள் ஒரு பெட்டியைத் தொடுவதற்கு முன் நானும் ஃப்ராவ் லிண்ட்னரும் கூட நிற்கவேண்டும் என்று முடிவாகியிருப்பதாகச் சொன்னார். எனக்குச் சம்மதமா என்று கேட்டார். ஓம் என்றேன். எச்சரிக்கையில் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதியை என்னிடம் தந்தார்.

வெளியில் வந்தபோது எனக்கு ஆத்திரம்தான். வேலை தப்பிய ஆறுதல் ஒரு பக்கம் இருக்கட்டும், மிதித்தவருக்கு ஒன்றும் இல்லை, எடுத்து வைத்தவளுக்கு எச்சரிக்கையா. ஃப்ராவ் லிண்ட்னரின் கந்தோரும் அதே கட்டடத்தில்தான், அந்த நடைபாதையில் கிடந்த வாங்குப் பலகையில் போய் இருந்தேன்.

பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும், மஞ்சள் பட்டி போட்ட வேலைக் காற்சட்டை, பெரிய கைகள். மடியில் ஒரு சான்றிதழ்ப் பிரதி. முத்திரையின் மை இன்னும் பளபளத்தது. அதை மேலிருந்து கீழே வாசித்தார், திரும்ப மேலிருந்து தொடங்கினார். நான் பார்ப்பதைக் கண்டு கதை கொடுத்தார். தானும் சிவப்பில் படித்தவர், கிரேன் ஓட்டுகிறார், மேற்பயிற்சி ஒன்றுக்குச் சான்றிதழ் கேட்டார்களாம். இரண்டு வருடத்துக்கு முன் வந்தபோது இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். போன கிழமை திடீரென்று கடிதம் வந்ததாம், வந்து வாங்கிக்கொள் என்று.

"நீங்களும் உங்கள் சான்றிதழ் வாங்கவா வந்தீர்கள்?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். பிறகு கையில் இருந்ததைப் பார்த்தேன். மேலே நகரசபையின் சின்னம், நடுவில் என் முழுப்பெயர் பிழையில்லாமல், கீழே கையெழுத்தும் வட்ட முத்திரையும். இந்த நாட்டுக்கு வந்து இருபத்துமூன்று வருடம்.

"ஓம்," என்று அவரிடம் நீட்டினேன்.

அவர் வாசித்தார். உதடு அசைய, மெதுவாக. மேற்படி பணியாளர் 2005 ஜூலையில் மூடப்பட்ட பள்ளியிலிருந்து பதினொரு கோப்புகளை அனுமதியின்றி எடுத்துச் சென்று, 2008 ஆகஸ்ட் வரை தமது வீட்டுக் கெலரில் வைத்திருந்தார். அந்த வரிக்கு வந்ததும் நின்றார். தன் மடியில் இருந்த பிரதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழும்பி நின்று, அந்தப் பெரிய கையை என் பக்கம் நீட்டினார். நானும் எழும்பினேன். கையைப் பிடித்தவர் விடவில்லை. எனக்கு ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கடைசியில், "கணக்கில் எனக்கு இரண்டு," என்றார். "இவ்வளவு காலமும் நான் நான்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."